எடுக்க வராத முள்

கோவை சத்தி ரோட்டில் சரவணம்பட்டி சிக்னலைத் தாண்டி, ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கிற ஒரு சந்தில் என் நண்பர் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். சொந்த ஊர் மூலனூர்ப் பக்கம். வயது 48. போன வருஷம் மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்துக்கொண்டு, பத்தே நாளில் பட்டறைக்குத் திரும்பிவிட்டார்.

அவர் மேஜைமேல் ஒரு முழம் நீளத்துக்கு அறுத்த ஜி.ஐ. பைப் ஒன்று கிடக்கும். ஆழ்துளைப் போரிலிருந்து உருவியது. உப்பு படிந்து படிந்து, இரண்டங்குலப் பைப்பில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்குத்தான் ஓட்டை மிச்சம். வருகிறவர்களிடம் அதைத் தூக்கிக் காட்டுவார். "என் நெஞ்சுக்குள்ளயும் இதேதானுங்கண்ணா. அடைப்பத்தான் எடுத்துட்டாங்களே, அப்புறம் எதுக்குங்க இத்தனை மாத்திரை?"

இந்த அத்தியாயம் அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில்தான். பட்டறையில் சொன்னபோது டீ ஆறிப்போனது. இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்லலாம்.

முதலில், அடைப்பை யாரும் எடுக்கவில்லை. பலூனை விரித்து அதைச் சுவரோடு அமுக்கி, மறுபடி மூடிக்கொள்ளாதபடி ஒரு கம்பிவலையை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது, பைப்பில் உப்பு உள்பரப்பின்மேல் படிகிறது. ரத்தக்குழாயில் கொழுப்பு சேர்வதோ சுவருக்கு உள்ளே, வழவழப்பான உட்தோலுக்கு அடியில். மூன்றாவதுதான் முக்கியம். பைப் உப்போடு சண்டை போடாது. ரத்தக்குழாய்ச் சுவர் கொழுப்போடு சண்டை போடுகிறது. நாம் மாரடைப்பு என்று சொல்வது பெரும்பாலும் அந்தச் சண்டையின் முடிவு.

சண்டை போடுகிறவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள 1882-க்குப் போக வேண்டும். இத்தாலியின் மெசினா கடற்கரையில் தங்கியிருந்த ரஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிகோவ், கண்ணாடிபோல உள்ளுறுப்பு தெரிகிற நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துப் பார்த்தால், முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்துக்கொண்டு நின்றன. விழுங்க முயன்றுகொண்டிருந்தன. அந்தச் செல்களுக்கு முள் இன்னதென்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முன்பின் பார்த்த பழக்கமும் இல்லை. அந்நியமான ஏதோ ஒன்று என்பது மட்டும் போதுமாக இருந்தது. 1908-ல் மெச்னிகோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பிறக்கும்போதே கூட வருகிற இந்த ஏற்பாட்டைத்தான் இயல்பு நோயெதிர்ப்பு என்கிறோம். தடுப்பூசி போட்டால் உருவாகிற, கிருமியை அடையாளம் வைத்துத் தேடிப்போகிற எதிர்ப்பு வேறு. அது வந்து சேர நாட்கணக்காகும். இயல்பு நோயெதிர்ப்புக்கு நாளும் கிழமையும் கிடையாது. காட்டில் வேலாமுள் ஏறினால் அரை மணி நேரத்தில் கால் சிவந்து, சூடாகி, வீங்குகிறதே, அதன் வேலைதான் அது. முள்ளை எடுத்துவிட்டால் நாலு நாளில் அடங்கும். எடுக்காமல் விட்டால் உள்ளேயே சீழ் கட்டி, ஓயாமல் விண்ணென்று தெறிக்கும்.

ரத்தக்குழாய் நோய் என்பது எடுக்க வராத முள். பட்டறையில் இதைச் சொன்னபோது நண்பர் பைப்பைக் கீழே வைத்தார்.

அந்த முள் எப்படி உண்டாகிறது என்று அருகே போய்ப் பார்ப்போம். எல்.டி.எல். என்று ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வருகிறதே, அந்தக் கொழுப்புப் பொட்டலங்கள் குழாயின் உட்தோலைத் தாண்டிச் சுவருக்குள் நுழைகின்றன. குழாய் கிளை பிரிகிற இடங்களில், ரத்தம் நேராக ஓடாமல் சுழித்துக்கொண்டு போகிற மூலைகளில், இது அதிகம் நடக்கும். நுழைந்தவை அங்கே சிக்கிக்கொண்டு, ஆக்சிஜன் பட்டு, எண்ணெய் சிக்கு வாடை எடுக்கிற மாதிரி கெட்டுப்போகின்றன. உட்தோல் செல்கள் உடனே ஒட்டும் மூலக்கூறுகளை வெளியே நீட்டி, ரத்தத்தில் போகிற மோனோசைட் என்ற வெள்ளணுக்களைப் பிடித்து உள்ளே அனுப்புகின்றன. உள்ளே வந்ததும் அவை பெருவிழுங்கு செல்களாக மாறி, கெட்ட கொழுப்பைத் தின்னத் தொடங்குகின்றன.

இங்கேதான் ஒரு கோளாறு. சாதாரணமாக எல்.டி.எல்.லை எடுத்துக்கொள்கிற செல், வயிறு நிறைந்தால் வாசலைச் சாத்திவிடும். கெட்டுப்போன எல்.டி.எல்.லை விழுங்க இந்தச் செல்கள் வேறொரு வாசலைப் பயன்படுத்துகின்றன. விஞ்ஞானிகள் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 1979-ல் அதைக் கண்டுபிடித்தார்கள். அந்த வாசலுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. தின்கிற செல் தின்றுகொண்டே இருந்து, நுரை கட்டினாற்போல் உப்பி, அங்கேயே செத்துப்போகிறது. செத்ததை அள்ள இன்னொரு செல் வருகிறது. அதுவும் உப்பிச் சாகிறது. துப்புரவுக்கு வந்தவர்களே குப்பையாகிப் போகிறார்கள்.

தின்ற கொலஸ்டிரால் செல்லுக்குள் ஊசி ஊசியான படிகங்களாக உறைகிறது. உவமைக்குச் சொல்லவில்லை, நுண்ணோக்கியில் பார்த்தால் ஊசிதான். 2010-ல் 'நேச்சர்' இதழில் வெளியான ஓர் ஆய்வு அந்த ஊசிகள் என்ன செய்கின்றன என்று காட்டியது. அவை செல்லின் செரிமானப் பையைக் குத்திக் கிழிக்கின்றன. கிழிந்ததும் செல்லுக்குள் ஓர் அபாயச் சங்கு ஊதுகிறது. அந்தப் புரதக் கூட்டத்துக்கு இன்ஃபிளமசோம் என்று பெயர். அது ஊதினால் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற சேதி வெளியே போகும். அதைக் கேட்டு இன்டர்லூக்கின்-6 கிளம்பும். அது கல்லீரலைத் தட்டி எழுப்பி சி.ஆர்.பி. என்ற புரதத்தைக் கொட்டச் செய்யும். எலும்பு மஜ்ஜையிலிருந்து மேலும் மேலும் வெள்ளணுக்கள் புறப்படும். இதே சங்கைத்தான் மூட்டில் யூரிக் அமிலப் படிகம் சேர்ந்து வலிக்கிற கவுட் நோயிலும் செல்கள் ஊதுகின்றன. இந்த ஒற்றுமையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

கடைசி அங்கம் சீக்கிரம் முடிந்துவிடும். செத்த செல்களும் கொழுப்பும் சேர்ந்த கூழின்மேல் நார்த்திசு ஒரு மூடி போட்டிருக்கும். கோபத்தில் இருக்கிற விழுங்கு செல்கள் அந்த நாரைக் கரைக்கிற நொதிகளைச் சுரக்கும். மூடி மெலிந்து ஒருநாள் வெடிக்கும். கூழ் ரத்தத்தைத் தொட்ட கணத்தில் ரத்தம் உறையும். அதுவரை பாதிகூட அடைபடாத குழாய் சில நிமிடங்களில் முழுதாக அடைபட்டுப்போகும். டிரெட்மில்லில் நன்றாக ஓடி, 'எல்லாம் நார்மல்' என்று வீட்டுக்கு வந்தவர் அடுத்த மாதம் விழுந்துவிட்டார் என்று கேள்விப்படுகிறோமே, அதில் பல இந்தக் கதைதான். அடைப்பு எவ்வளவு பெரிது என்பதைவிட எவ்வளவு கொதித்துக்கொண்டிருக்கிறது என்பது பெரிய விஷயம்.

இதெல்லாம் நேற்று முளைத்த யோசனையும் இல்லை. ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 1850-களிலேயே இது தமனிச் சுவரின் அழற்சி என்று எழுதினார். 1913-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிகோலாய் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்டிராலை ஊட்டி நோயை வரவழைத்தபோது, கொழுப்போடு கூடவே அதைத் தின்று உப்பிய செல்களையும் வரைந்து வைத்தார். உலகம் கொலஸ்டிராலை எடுத்துக்கொண்டது, செல்களை மறந்துவிட்டது. அப்படி மறந்ததில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. கொலஸ்டிராலைத் துரத்திப் போனதால்தான் ஸ்டாட்டின் மாத்திரை கிடைத்தது, பல லட்சம் உயிர் பிழைத்தது. ஆனால் எல்.டி.எல். கட்டுக்குள் வந்தபிறகும் சிலருக்கு இரண்டாவது அடி விழுகிறதே, ஏன் என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் விடை கிடைக்கவில்லை.

விடை தேடியவர்களில் இதய நோய் ஆய்வாளர் பால் ரிட்கர் ஒருவர். ஆரோக்கியமாக இருந்த அமெரிக்க ஆண் டாக்டர்களிடம் முன்பே எடுத்துச் சேமித்து வைத்திருந்த ரத்தத்தில் அவர் குழு சி.ஆர்.பி.யை அளந்து 1997-ல் வெளியிட்டது. அதிக அளவு இருந்த கால்பங்கினருக்கு, குறைவாக இருந்த கால்பங்கினரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு மாரடைப்பு வாய்ப்பு. வருஷக்கணக்காக யாருக்கும் தெரியாமல் உள்ளே கனன்றுகொண்டிருந்த நெருப்பின் புகை அது. இப்போது கோவை ரத்தப் பரிசோதனை நிலையங்களிலும் ஹெச்.எஸ்.சி.ஆர்.பி. பார்க்கிறார்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது, 3-க்கு மேலே போனால் கவனிக்க வேண்டும். ஒன்று மட்டும்: சளிக்காய்ச்சலோடு போய் இந்தப் பரிசோதனை எடுத்துவிட்டு ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடக்காதீர்கள். சின்னத் தொற்று வந்தாலே இந்த எண் எகிறும். உடம்பு தேறியபிறகு மறுபடி எடுத்துப் பார்ப்பதுதான் முறை.

ஆனால் புகையைக் கண்டதும் நெருப்பை அணைத்தால் வீடு தப்பும் என்று நிரூபித்துவிட முடியாது. நிரூபிக்க ஒரு பெரிய சோதனை தேவைப்பட்டது. கேன்டோஸ் என்ற பெயரில் அது நடந்து 2017-ல் முடிவு வெளிவந்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்து, சி.ஆர்.பி.யும் உயர்ந்திருந்த 10,061 பேர். இன்டர்லூக்கின்-1 பீட்டாவை மட்டும் பிடித்துக் கட்டிப்போடுகிற கனகினுமாப் என்ற ஊசி, மூன்று மாதத்துக்கு ஒன்று. 150 மில்லிகிராம் போட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கு 15 சதவீதம் குறைந்தது. எல்.டி.எல். துளியும் இறங்கவில்லை. கொழுப்பைத் தொடாமல், சங்கின் சத்தத்தை மட்டும் குறைத்ததில் கிடைத்த பலன் அது. நூற்று அறுபது வருஷத்துக்குப் பிறகு விர்ச்சோ சொன்னதற்கு மனிதர்களிடம் சாட்சி கிடைத்தது.

சாட்சி கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. ஊசி போட்டவர்களில் தொற்று முற்றிச் செத்தவர்கள் கொஞ்சம் அதிகம். மொத்த மரண எண்ணிக்கையில் வித்தியாசமில்லை. அரிய நோய்களுக்கென்று விற்ற மருந்து, விலை எட்டாத உயரத்தில். 2018-ல் அமெரிக்க அரசு இதய நோய்க்கு அதை அனுமதிக்க மறுத்தது. அதே வருஷம் மெதோட்ரெக்சேட் மாத்திரையை 4,786 பேரை வைத்துப் பரிசோதித்த இன்னொரு சோதனை தோற்றது. முடக்குவாதத்துக்கு நல்ல மருந்துதான், ஆனால் அது இன்டர்லூக்கின்-1 பீட்டாவையோ சி.ஆர்.பி.யையோ இறக்கவே இல்லை. அழற்சி என்று பொதுவாகப் பேசுவதில் உள்ள ஆபத்து இது. வீக்கத்தைக் குறைக்கிற எல்லாமே நெஞ்சுக்கு நல்லது என்றால், வலி மாத்திரையாக ஓகோவென்று விற்ற வயாக்ஸ் மாரடைப்பைக் கூட்டுகிறது என்று 2004-ல் சந்தையை விட்டே போயிருக்காது. எந்தச் சங்கு, எந்த நேரத்தில் ஊதுகிறது என்று பார்த்துக் கைவைக்க வேண்டும்.

நேரமும் முக்கியம். மாரடைப்பு வந்த முதல் சில மணி நேரத்தில் அழற்சியைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை, குழாயைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். கோவை மெடிக்கல் சென்டரைச் சேர்ந்த டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும் கூட்டாளிகளும், 108 ஆம்புலன்சையும் சிறிய ஆஸ்பத்திரிகளையும் பெரிய ஆஸ்பத்திரிகளோடு கோத்து தமிழ்நாட்டில் ஒரு வலையமைப்பை நடத்தி, 2,420 நோயாளிகளின் கணக்கை 2017-ல் வெளியிட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2-ஆகக் குறைந்திருந்தார்கள். புது மருந்து ஒன்றுமில்லாமல், ஆளை உரிய இடத்துக்கு உரிய நேரத்தில் கொண்டுபோனதில் கிடைத்தது. அந்த முதல் சில மணி நேரம் கடந்தபிறகு வெள்ளணுக்கள் வருகின்றன. செத்த தசையை அள்ளி, வடு கட்டி, இதயம் கிழியாமல் பார்த்துக்கொள்வதும் அவைதான். அந்த வேலையைக் கெடுத்துவிடக் கூடாது.

இனி நண்பரின் ஊருக்குப் போகலாம்.

மூலனூர், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு என்கிற மேய்ச்சல் காடுகளில் கிளுவை வேலி பார்த்திருப்பீர்கள். மழைக்காலத்தில் அந்த வேலிமேல் ஒரு கொடி ஏறி, இலைநுனியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, மேல்நோக்கி மடங்கிய இதழோடு பூக்கும். பச்சையில் தொடங்கி, மஞ்சளாகி, அடிமட்டும் மஞ்சளாக நுனி தீயாகச் சிவக்கும். செங்காந்தள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்குகிற பூக்களில் முதல் பூ, தமிழ்நாட்டின் மாநிலப் பூ. ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கண்வலிப் பூ, கண்வலிக்கிழங்கு. உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்று குழந்தைகளை விரட்டுவார்கள். விரட்டியதில் நியாயம் உண்டு, செடி முழுக்க விஷம். கலப்பை மாதிரி வளைந்த அந்தக் கிழங்கை உண்ணும் கிழங்கென்று நினைத்து வேகவைத்துத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். வாந்தி, பேதியில் தொடங்கி, மஜ்ஜை, சிறுநீரகம் என்று வரிசையாக முடங்கும். முறிமருந்தென்று ஆஸ்பத்திரிகளில் எதுவும் கையில் இருப்பதில்லை.

அந்த விஷத்தின் பெயர் கோல்கிசின். ஐரோப்பாவின் கோல்கிகம் செடியிலிருந்து 1820-ல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்லட்டியேவும் கவந்துவும் பிரித்தெடுத்தார்கள். கவுட் வலிக்கு அந்தச் செடியை அதற்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே கொடுத்து வந்திருக்கிறார்கள். நம்முடைய கண்வலிக்கிழங்கிலும் அதே கோல்கிசின், கிழங்கைவிட விதையில் கூடுதல். அதனால்தான் மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சிப் பக்கம் இது பணப்பயிர். விதை ஏற்றுமதியாகிறது. விலை ஒரு வருஷம் உச்சாணிக்கொம்பில், ஒரு வருஷம் தரையில்.

செல்லுக்குள் டியூபுலின் என்ற புரதம் கோத்துக் கோத்துச் சாரம்போல ஒரு கட்டுமானம் உண்டு. கோல்கிசின் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு, சாரம் கட்ட விடாது. செல் பிரிகிற நேரத்தில் சாரம் இல்லாவிட்டால் குரோமோசோம் இரட்டித்துப்போகும். கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் 1930-களில் வேலை பார்த்த ஜானகி அம்மாள், பின்னாளில் இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளுக்குக் கோல்கிசின் வைத்தது இதற்காகத்தான். அந்தச் செடிகளில் ஒரு வகைக்கு இன்றும் அவர் பெயர்தான். மிகச் சிறிய அளவில் கொடுத்தால் செல் பிரிவதை அது அதிகம் தொடுவதில்லை. நியூட்ரோபில் என்ற வெள்ளணுவில் போய்ச் சேர்கிறது, ஏனென்றால் கோல்கிசினை வெளியே இறைக்கிற பம்ப் அந்தச் செல்லில் போதுமான அளவு இல்லை. (பம்ப் என்றதும் நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.) சாரம் ஆட்டம் கண்ட நியூட்ரோபிலால் வேகமாக நகர முடியாது, இன்ஃபிளமசோம் சங்கும் ஒழுங்காகக் கூடாது.

கவுட்டில் வேலை செய்கிற சங்கும் ரத்தக்குழாயில் வேலை செய்கிற சங்கும் ஒன்றுதான் என்றால், கவுட் மருந்தை இதயத்துக்குக் கொடுத்துப் பார்க்கலாமே. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் மார்க் நிடோர்ஃப் என்ற இதய மருத்துவர் அதைச் செய்தார். 2019-ல் கனடாவிலிருந்து கோல்காட் சோதனையின் முடிவு: மாரடைப்பு வந்து ஒரு மாதத்துக்குள் சேர்க்கப்பட்ட 4,745 பேரில், தினமும் அரை மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு அடுத்தடுத்த இதயச் சிக்கல்கள் 23 சதவீதம் குறைவு. 2020-ல் நிடோர்ஃப் குழுவின் லோடோகோ-2: நோய் நிலைபட்டிருந்த 5,522 பேர், 31 சதவீதம் குறைவு. 2023 ஜூனில் அமெரிக்க அரசு அரை மில்லிகிராம் கோல்கிசினை இதய நோய்க்கு அனுமதித்தது.

கதை இங்கே நின்றால் அழகாக இருக்கும். 2024-ல் கிளியர் சோதனை வந்தது. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த 7,062 பேரில் ஒரு பகுதியினருக்குக் கோல்கிசினை உடனடியாகத் தொடங்கிப் பார்த்தார்கள். சி.ஆர்.பி. இறங்கியது, மாரடைப்பும் மரணமும் இறங்கவில்லை. கோவிட் காலத்துக் குழப்பம் என்கிறார்கள் சிலர். முதலில் கிடைத்த வெற்றியே மிகையோ என்கிறார்கள் வேறு சிலர். நான் நினைப்பது: ஆறிக்கொண்டிருக்கிற புதுக்காயத்தில் மருந்து என்ன செய்யும் என்பதும், வருஷக்கணக்காகக் கனன்றுகொண்டிருக்கிற பழைய சுவரில் என்ன செய்யும் என்பதும் இரண்டு வேறு கேள்விகள். இரண்டுக்கும் ஒரே பதில் வர வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் கோல்காட்டும் மாரடைப்புக்குப் பின் சீக்கிரமே தொடங்கிய சோதனைதான் என்பதால், என் விளக்கத்திலும் ஓட்டை இருக்கிறது.

முள்ளைக் குறைப்பது ஸ்டாட்டின். சங்கை அடக்குவது கோல்கிசின் மாதிரியானவை. இவை இருக்க, நாமாகவே சங்கை ஊதிக்கொண்டிருக்கிறோம் என்பது வேறு கதை. பீடி, சிகரெட் ஒருபக்கம். வயிற்றைச் சுற்றிச் சேர்கிற கொழுப்பு சும்மா கிடக்காமல் இன்டர்லூக்கின்-6 கக்குவது இன்னொரு பக்கம். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-ல் சொன்னபடி, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வருகிற நடு வயது 53. மற்ற பல பகுதியினருக்கு அதைவிடச் சில வருஷம் தள்ளி. பகலெல்லாம் காயில் முன்னாலோ கம்ப்யூட்டர் முன்னாலோ உட்கார்ந்து, ராத்திரி பதினொரு மணிக்குப் பரோட்டா சாப்பிடுகிற சரவணம்பட்டிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எல்லாம் கேட்டுவிட்டு நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க பெரியப்பா காட்டுல ரெண்டேக்கர் கண்வலி இருந்துச்சுங்கண்ணா" என்றார். அந்தப் பூவின் சூல்தண்டு மகரந்தத்துக்கு எட்டாமல் ஒருபக்கமாக வளைந்து நிற்கும். தானாகக் காய் பிடிப்பது குறைவு. வெயில் ஏறுவதற்குள் ஆள் இறங்கி, ஒவ்வொரு பூவாக மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். பள்ளிக்கூட லீவில் அவரும் போய்த் தொட்டு வைத்திருக்கிறார். பூவொன்றுக்கு ஒரு தொடல், குனிந்து குனிந்து. வேலை முடிந்ததும் பெரியம்மா சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வைத்து, மோந்து பார்த்துவிட்டுத்தான் சோறு போடுவாராம்.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது தனக்குக் கோல்கிசின் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். டாக்டர் சீட்டைப் புரட்டி, கிரியேட்டினின் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, சிறுநீரகம் சரியாக வடிகட்டாத உடம்பில் கோல்கிசின் தங்கிவிடும், கிளாரித்ரோமைசின் மாதிரி சில ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்தால் ஆளையே சாய்த்துவிடும், உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லி ஸ்டாட்டின் அளவை மட்டும் ஏற்றியிருக்கிறார்.

பட்டறைக்கு வந்து அந்த உப்புப் பைப்பை எடுத்து மேஜைக்கு அடியில் வைத்தார். "எங்க காட்டுல வெளையறது ஊர் உலகத்துக்கெல்லாம் ஒத்துக்குது. எனக்கு மட்டும் ஆகாதாம்ங்கண்ணா" என்றபடி அடுத்த மோட்டாரின் மூடியைக் கழற்றத் தொடங்கினார்.